முந்திப் போனவன்

மலையில் நடக்கும்போது நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட வருகிறவருக்கு மூச்சு வாங்குகிறதா, கையில் தண்ணீர் இருக்கிறதா, கால் பிசகிவிட்டதா, எதையும் கவனிப்பதில்லை. முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் அதைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் அடுத்த முதுகு. இதைத் திறமை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். கம்பத்தில் என் வயதுக்காரர்கள் எனக்கு வரையாட்டுக் கால் என்பார்கள். கேட்கச் சுகமாக இருக்கும். அது குணக்கேடு என்று தெரிந்துகொள்ள என் அக்கா வேண்டியிருந்தது. அவளுக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல.

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு மலைமேல் ஆசை வருவது இயல்பு. எந்தத் தெருமுனையில் நின்றாலும் இரண்டு பக்கமும் மலை. மேற்கே கேரள எல்லை, கிழக்கே மேகமலை. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஹைவேவிஸ் அணைக்கரை; சோலைக்காடும் தேயிலையும் நீரின் விளிம்புவரை இறங்கி வந்திருக்கும். போடி பக்கம் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு பாதை. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் அந்தச் சரிவில் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கொடைக்கானலுக்குப் பழைய பாதை ஒன்று. எல்லாவற்றிலும் நடந்திருக்கிறேன். எவ்வளவு நேரத்தில் ஏறினேன் என்று கேட்டால் உடனே சொல்வேன். வழியில் என்ன மரம் நின்றது என்று கேட்டால் விழிப்பேன்.

ஹைவேவிஸ் அணைக்கரையோரம் நண்பர்களோடு நடந்த ஒரு நாள் ஞாபகம் வருகிறது. கூட வந்தவனுக்கு அட்டை கடித்து, ரத்தம் நிற்காமல், கரையில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். நான் புல்மேட்டின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கையாட்டிக்கொண்டிருந்தேன். கீழே அவர்கள் ஏன் வரவில்லை என்று எரிச்சல் வேறு.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. காய்ந்த புல்லில் பிடித்த தீ. அந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் மாவட்டமே கலங்கிப்போயிருந்த அந்த நாட்களில் டீக்கடைகளில் நான் சொற்பொழிவாற்றினேன். மலைக்குக் கூட்டமாகப் போனால் கூட்டமாகவே இருக்க வேண்டும், கடைசி ஆளின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம், நன்றாக நடக்கத் தெரிந்தவன்தான் கடைசியில் வர வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். சொன்னது சரியான விஷயம்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த ஆண்டு சித்திரையில் நான் என்ன செய்தேன் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே நாள்தான் வழி திறக்கும், சித்திரை முழுநிலவு அன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,337 மீட்டர் உயரத்தில், தமிழக, கேரள எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி இருக்கிறது கோயில். கேரளத்தில் குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். நம் பக்கம் கூடலூரைத் தாண்டி, லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து நடந்து ஏற வேண்டும். ஆறரை கிலோமீட்டர் சொச்சம். காலை ஆறு மணிக்கு விடுவார்கள். பிற்பகலுக்குமேல் யாரையும் ஏற விட மாட்டார்கள், மாலைக்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். யானையும் புலியும் உள்ள காடு. அந்த ஒரு நாள் அவை நமக்காக ஒதுங்கியிருக்கின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த மலையின் மேற்குப் பக்கம் பெரியாற்று நீர்த்தேக்கம். பென்னிகுக் கட்டிய அணையால் 1895இல் உருவானது. அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்புக்கு மேலே நான்கு பெரிய குழாய்களில் இறங்கி, மின்சாரமாகி, பிறகு வாய்க்காலாகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலும் அதை நம்பித்தான். திராட்சைப் பந்தல்களும் அப்படியே. என் அக்கா அந்தப் பந்தல்களின் கீழ்தான் கூலி வேலை பார்த்தாள். பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் பழத்தின் படத்தைப் போட்டன. கவாத்து வெட்டி, குலை அறுத்து, பெட்டி சுமந்து முழங்கால் தேய்ந்த பெண்களின் படம் எதிலும் என் கண்ணில் படவில்லை.

மாமா இறந்த பிறகு அக்கா கண்ணாடி வளையல் போடுவதை நிறுத்தியிருந்தாள். யாராவது கேட்டால், "தோட்ட வேலைக்கு எடஞ்சலா இருக்கு" என்பாள். 2019 பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "கண்ணகி கோயில்ல பொம்பளைகளுக்கு வளையல் குடுப்பாங்களாம்ல?"

"ஆமா. வளையல், மஞ்சக்கயிறு, குங்குமம்."

"எல்லாருக்குமா?"

"வர்றவங்களுக்கெல்லாம் குடுப்பாங்க."

அதற்குமேல் அவள் எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "இந்தத் தடவ நானும் வாரேன் தம்பி" என்றாள். அவள் கேட்டது என்னவென்று எனக்கு அப்போதே புரிந்தது. புரியாததுபோல இருந்துவிட்டேன்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையை விட்டுப் புறப்படும்போது கொற்றவை கோயில் வாசலில் தன் கைவளையை உடைத்துப் போடுகிறாள். பிறகு வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மேடு பள்ளம் பாராமல் மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்று, பதினான்காம் நாள் வானுலகம் போகிறாள். வளையை உடைத்துவிட்டு வந்தவளின் கோயிலில், வருகிற பெண்களுக்கெல்லாம் வளையல் தருகிறார்கள். எந்த ஊர்க் கோயிலிலும் கேட்கக் கூசும் ஒன்றை இந்தக் கோயிலில் கேட்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அந்தக் காப்பியத்தை மேடையில் பேசும் அளவுக்குப் படித்தவன். அவள் படிக்காமலேயே அதைப் பிடித்திருந்தாள்.

2019 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தல். எல்லார் விரலிலும் மை புதிதாக இருந்தது. அக்கா நாலு மணிக்கே குளித்து, எலுமிச்சைச் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துவைத்துத் தயாராக இருந்தாள். பிளாஸ்டிக் பையைக் காட்டுக்குள் விட மாட்டார்கள் என்று யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாள். நான் ஆறரைக்கு எழுந்தேன். "எதுக்கு இம்புட்டு வெள்ளன? ரெண்டு மணி நேரத்துல ஏறிறலாம்" என்றேன். அந்த ரெண்டு மணி நேரம் என் காலின் கணக்கு. அவள் காலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கம்பத்தில் டீ குடித்து, தெரிந்தவர்களோடு தேர்தல் பேசி, பளியன்குடியில் சோதனை முடிந்து காட்டுக்குள் கால் வைத்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது. முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது.

தொடக்கத்தில் இலையுதிர்க்காடு. மூங்கில் புதர்கள், சருகு, அதன்மேல் ஆயிரம் கால்கள் பட்டுக் கிளம்பும் தூசி. ஏற்றம் சீக்கிரமே செங்குத்தாகிறது. அக்கா ஒரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும், "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பதில் ஒன்றே: "இந்தா வந்துருச்சுக்கா."

மலையேறும் எல்லாரும் சொல்கிற பொய் இது. தெம்பு கொடுப்பதற்காகச் சொல்கிறோம் என்பார்கள். நான் சொன்னது அதற்காக இல்லை. அவள் கேட்பதை நிறுத்த வேண்டும் என்பதற்காக. புகாரை விட்டுப் புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காவதத் தொலைவை, பக்கந்தான் என்கிறான் கோவலன், துயரத்தோடு சிரித்து. ஆனால் அவன் அவளுக்கு முன்னால் ஓடிவிடவில்லை. பகல் வெயில் அவளுக்குத் தாங்காது என்று பிறகு நிலவொளியில் இரவில் நடக்கிறார்கள். கவுந்தியடிகளும் கூட வருகிறார். மனைவிக்குத் துரோகம் செய்தவன், செல்வத்தைத் தொலைத்தவன். நடையில் அவளைக் கைவிடவில்லை. அந்த ஒரு கணக்கில் கோவலனைவிட நான் கீழே.

பாதிக் காடு தாண்டுவதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை ஒவ்வொருவராகத் தாண்டிப் போகிறார்கள். தொப்பை போட்டவன் போகிறான், கைக்குழந்தைக்காரி போகிறாள். என் கால் அரித்தது. "அக்கா, மேல கூட்டம் ஏறும். நான் முன்னாடி போயி கியூவுல எடம் புடிக்கிறேன். நீ மெதுவா வா" என்றேன். உதவி செய்கிற குரலில்தான் சொன்னேன். அவள், "சரிடா, பாத்துப் போ" என்றாள். தண்ணீர்ப் பாட்டில் என் தோள்பையில்தான் இருந்தது. அது எனக்குப் பாதி மலை போனபிறகுதான் உறைத்தது. திரும்பி இறங்கவில்லை. வழியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வைத்திருந்தார்கள்தான். ஆனால் அது நான் செய்த ஏற்பாடு இல்லை.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் காற்று மாறும். சித்திரையில் புல் பழுத்து மஞ்சளாகிக் கிடக்கும். கிழக்கே திரும்பினால் கூடலூர், கம்பம், தென்னந்தோப்புகள், பச்சைக் கட்டங்களாக வயல்கள். எல்லாம் சிறிதாகக் கீழே கிடக்கும். அன்று நான் அங்கே நின்றது மணி பார்க்க மட்டும்.

மேலே சிதைந்த கற்கட்டடங்கள். மேற்கூரை இழந்த சுவர்கள், சரிந்த கற்கள், தேய்ந்த கல்வெட்டுகள். நடுவே அந்த ஒரு நாளுக்காகப் பூவும் பட்டும் சார்த்தி அலங்கரித்த அம்மன். சாமி கும்பிட்டேன். அன்னதானம் சாப்பிட்டேன். தெரிந்த பையன்கள் நாலு பேர் அகப்பட்டார்கள். புல்லில் உட்கார்ந்து அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். கரந்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி போன வழியைத் தேடித் தேடி நடந்து, 1963இல் இந்த இடத்தை அடையாளம் கண்ட கதையைச் சொன்னேன். ஒரு பெண்ணின் காலடித்தடத்தைப் பின்தொடர்ந்து ஒரு மனிதர் எத்தனை பொறுமையாக நடந்திருக்கிறார் பாருங்கள் என்று உருகினேன். பையன்கள் வாய் பிளந்து கேட்டார்கள். என் அக்கா அப்போது காட்டுக்குள் எங்கோ ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

வளையல் கொடுக்கும் இடத்தையும் பார்த்தேன். பெண்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு என்று கேட்டால் கொடுத்திருப்பார்கள். இரண்டடி எடுத்துவைத்தேன். பிறகு நின்றேன். பையன்களில் ஒருவனுக்கு எங்கள் வீடு தெரியும். வீட்டில் யாருக்கு வளையல் என்று கேட்டுவிட்டால்? மாமா இல்லாத அக்காவுக்கு என்று நான் எப்படிச் சொல்வது? பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் ஆண் போய் நிற்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். கண்ணகியின் நீதி பற்றிப் பேசி முடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

இறங்கும்போதுதான் அவளைப் பார்த்தேன், புல்வெளிக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். அவள் அங்கே வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. இனி ஏற வேண்டாம், திரும்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். விதியைச் சொன்னவர்கள்மேல் தப்பில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான் மிச்சம். காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கியிருந்தால் மதியத்துக்குள் அவள் அங்கே நின்றிருப்பாள். எலுமிச்சைச் சோறு தொடாமல் இருந்தது. நான் பசியோடு வருவேன் என்று வைத்திருக்கிறாள்.

"சாமி பாத்தியாடா?"

அந்தக் கேள்விக்கு ஆயிரம் பதில்கள் உண்டு. நான் சொன்னது இது: "என்னக்கா இருக்கு அங்க, நாலு இடிஞ்ச கல்லு. நீ அம்புட்டுத் தூரம் ஏறுனதே வீண்."

அவள் போக முடியாத இடத்தை ஒன்றுமில்லாததாக்கிவிட்டால் என் குற்றமும் ஒன்றுமில்லாததாகிவிடும் என்று நினைத்தேன்போல. அவள் தலையாட்டினாள். எழுந்து நின்று, சேலையைத் தட்டிவிட்டு, பாதை பார்த்தபடி கேட்டாள்: "வளையல் குடுத்தாங்களா?"

"தீந்துபோச்சுக்கா."

மலையில் முந்திப் போனதைக்கூட வேகம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

2020இலும் 2021இலும் கொரோனாவால் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. என் மனசாட்சிக்கு அது வசதியாகப் போயிற்று. 2022இல் மீண்டும் திறந்தார்கள். எனக்கு வேலை இருந்தது. உண்மையில் இருந்ததா என்று கேட்காதீர்கள். 2023இல் சித்திரை முழுநிலவு மே 5 அன்று வந்தது. சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் யானையை அதற்குச் சில நாள் முன்புதான் பெரியாறு காட்டில் விட்டிருந்தார்கள். அது எந்தப் பக்கம் இறங்குமோ என்று பள்ளத்தாக்கே பேசிக்கொண்டிருந்தது. "யானை சுத்துதுக்கா, இந்த வருசம் வேணாம்" என்றேன். பயம் பாதி, சாக்கு பாதி. அந்த மாதக் கடைசியில் அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள்ளேயே வந்து தெருவில் நடந்தபோது, "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று அவளிடம் ஜம்பமாகச் சொன்னேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள், தான் போய்விட்டு வந்ததை. தோட்டத்துப் பெண்களோடு, மே 5 அதிகாலையில், முதல் ஆட்களாகப் பளியன்குடியில் நின்று ஏறியிருக்கிறாள். நான் அன்று வெளியூரில் இருந்தேன். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதில் தப்பு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவர்கள் நடந்த விதத்தை அவள் சொன்னாள். ஒருத்தி உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார்ந்தார்களாம். கூட ஏறிய பளியர் அம்மா ஒருத்தி மரங்களைப் பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அதில் வேங்கை எது என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தாளாம் அக்கா. நான் எத்தனையோ முறை கடந்துபோன மரம் அது, இன்றுவரை எனக்கு அடையாளம் தெரியாது. புல்வெளியில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தார்களாம். "நாங்க போயிச் சேர்றப்ப வெயில் ஏறல இன்னும்" என்றாள். நடக்க முடியாதவள் என்று நான் முடிவு கட்டியிருந்தவள், நான் முதல் டீ குடிக்கும் நேரத்தில் பாதி மலையில் இருந்திருக்கிறாள். அவளுக்குத் தேவைப்பட்டது வலுவான முழங்கால் இல்லை. விடிவதற்கு முன் கிளம்புவதும், நிற்கிற ஆளோடு நிற்பதும்தான்.

"நீ சொன்னது நெசந்தான், கல்லெல்லாம் இடிஞ்சுதான் கெடக்கு" என்றாள். "ஆனா நல்லா இருக்குடா அந்த எடம்."

பிறகு, என்னைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "வளையல் கடைசி ஆளு வரைக்கும் குடுக்குறாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கையில் வளையல் இருந்ததா என்று பார்க்கும் தைரியமும் இல்லை. தப்பு செய்தவனை ஒரு வார்த்தை திட்டினால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவள் அந்த வழியையும் அடைத்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு, 2024 ஏப்ரல் 23. "வர்றதா இருந்தா வா. ஆனா எனக்குப் பின்னாடி வா" என்றாள். போனேன். பின்னால் நடப்பது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்தது. கால் வலிக்கவில்லை, கர்வம்தான் வலித்தது. தாண்டிப் போகிறவன் ஒவ்வொருவனும் என்னை ஏளனமாகப் பார்ப்பதுபோலத் தோன்றியது. உண்மையில் ஒருவனும் பார்க்கவில்லை. எத்தனை வருடமாக இல்லாத பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் என்ன? செங்குத்தான ஒரு திருப்பத்தில், என்னை அறியாமல், அக்காவைத் தாண்டிவிட்டேன். பின்னாலிருந்து, "டேய்" என்று ஒரு குரல். நின்றேன். திருந்திவிட்டேன் என்று சொல்லி முடிக்க எனக்கு உரிமை இல்லை என்பதற்காகவே இதைச் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த வளையல் பொய்யை இன்றுவரை அவளிடம் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெரிதலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். இதோ, முகம் தெரியாத உங்களிடம் முதலில் சொல்லியாயிற்று. இதுவும் முந்திப் போவதுதான். அக்காவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், கொஞ்சம் நேரமாகும். இந்த இதழ் அவள் கைக்குப் போவதற்குள் நான் நேரில் போய், உட்கார்ந்து, "அன்னைக்கு வளையல் தீரலக்கா, நான் கேக்கல" என்று சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்பாள். அதையும் சொல்ல வேண்டும்.